கொண்டித்தோப்பு முகவரி

பின்னி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்த என் தாத்தா விட்டுச்சென்ற சொத்து, ஒரு தகர டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள். எல்லாம் ஒல்லிப் புத்தகங்கள். பெரிய எழுத்து நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை. எட்டுப் பக்கச் சிந்துகள். சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். பல தாள்களை இராமபாணம் சல்லடையாக்கியிருந்தது. சில பக்கங்களின் ஓரத்தில் கரித்துண்டால் இழுத்த குறுக்குக்கோடு ஒன்று இருந்தது. எதற்கென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மில் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் வீடு திரும்பிய ஒரு மனிதருக்கு இவ்வளவு புத்தகம் எங்கிருந்து வந்தது? அதைத்தான் தேடிப் போனேன்.

முதல் தடயம் அட்டையிலேயே இருந்தது. பெரிய எழுத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவற்றை வெளியிட்டவர்கள் பி. இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ், ஊர் கொண்டித்தோப்பு. எங்கள் புளியந்தோப்பிலிருந்து பேசின் பாலம் தாண்டினால் கொண்டித்தோப்பு. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் பார்க் டவுன், ஈவினிங் பஜார். அந்தக் கடைத்தெருவுக்குப் பழைய பெயர் குஜிலி பஜார். காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்கள் அங்கே குவிந்து விற்றதால் அந்த வகைக்கே ‘குஜிலிப் பாட்டு’ என்று பெயர் நிலைத்தது. பக்கத்தில், சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, 1900இல் திறந்த மூர் மார்க்கெட். பழைய புத்தகத்துக்குச் சென்னை முழுக்க அங்கேதான் போனது. 1985 மே மாதம் அது எரிந்துபோனது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. ஆக, அச்சடித்த இடம், விற்ற இடம், வாங்கியவர் வீடு எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருந்திருக்கின்றன. வடசென்னைக்குப் புத்தகம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.

பெட்டியில் நான் அதிகம் புரட்டியது ஆளவந்தார் கொலைச் சிந்து. 1952 ஆகஸ்டில் நடந்த கொலை அது. சைனா பஜாரில் பேனா விற்ற ஆளவந்தாரின் உடல், போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. பத்திரிகை வாங்காத வீடுகளுக்குச் சேதி சிந்தாகப் போனது. கொலை, ரயில் விபத்து, வெள்ளம், கொள்ளைநோய் என எது நடந்தாலும் சில நாளில் யாரோ மெட்டுக் கட்டிவிடுவார்கள். சந்தையிலும் ரயிலடியிலும் பாடிக்கொண்டே விற்பார்கள். சிறுமணவூர் முனிசாமி முதலியார் போன்றவர்கள் இதையே வாழ்நாள் தொழிலாகச் செய்தார்கள்.

படித்தவர்கள் இவற்றைக் குப்பை என்றார்கள். நூலகங்கள் பெரும்பாலும் வாங்கி வைக்கவில்லை. இருந்தும் சில தப்பின. அதற்கு முதல் காரணம் ஆங்கிலேயர் சட்டம். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டப்படி, அச்சாகும் ஒவ்வொன்றையும் அரசிடம் பிரதி கொடுத்துப் பதிய வேண்டியிருந்தது; எத்தனை பிரதி, என்ன விலை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. மக்கள் என்ன படிக்கிறார்கள் என்று வேவு பார்க்கப் போட்ட சட்டம்தான். ஆனால் அதன் தயவில் காலணாச் சிந்துகள் லண்டன் வரை போய்ப் பத்திரமாக இருக்கின்றன.

இரண்டாவது காரணம் ஒரு தனி மனிதர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா. பல்கலைக்கழகம் எதுவும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. சொந்தக் கைக்காசைப் போட்டு நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் சேர்த்தார். அவற்றில் சரிபாதி நூல்கள். எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று அவர் தரம் பிரிக்காததை நான் பெரிய அறிவாகவே மதிக்கிறேன். 1992இல் அவர் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. முகப்பேரில் தொடங்கிய அது இப்போது தரமணியில் இருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி குஜிலிப் பாட்டுகளைப் பற்றி எழுதிய ‘முச்சந்தி இலக்கியம்’ 2004இல் வந்தது. தாத்தாவின் பெட்டியில் இருப்பவை எந்த வகை என்று எனக்குப் பெயர் சொல்லித் தந்தது அந்தப் புத்தகம்.

புத்தகம் வந்த வழி இப்படித் தெரிந்துவிட்டது. தாத்தா எப்போது, எப்படிப் படித்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை. அதைத் தீர்த்துவைத்தவர் என் சின்ன ஆயா.

“உன் தாத்தாவுக்கு ஏது கண்ணு படிப்பு? கைநாட்டு. வாங்கினு வர்றதுதான் அவுரு. படிக்கிறது எதுத்த வூட்டுப் பையன்.”

சம்பள நாளில் தாத்தா மூர் மார்க்கெட் போவார். எதிர்வீட்டுப் பையன் மில் பள்ளிக்கூடத்தில் படித்தவன். ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் அவன் ராகம் போட்டு வாசிப்பான். லைன் வீட்டுக்காரர்கள் மொத்தமும் திண்ணையிலும் தெருவிலுமாக உட்கார்ந்து கேட்பார்கள். பையனுக்கு ஒரு டீயும் பொறையும் தாத்தா கணக்கு. அச்செழுத்து ஏன் அவ்வளவு பெரியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மங்கல் வெளிச்சத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய கண்ணுக்கு ஏற்ற எழுத்து அது. வாய்விட்டுப் படிப்பதும் கூடியிருந்து கேட்பதும் தமிழ்நாட்டில் வெகுகாலம் நீடித்த வழக்கம் என்று வேங்கடாசலபதியும் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கணக்கை வைத்து மட்டும் ஒரு ஊரின் வாசிப்பை அளக்க முடியாது. எங்கள் தெருவில் அந்தக் கணக்கு ஒருவர் அல்லது இருவர். அல்லியின் கதை தெரிந்தவர் அத்தனை பேரும்.

கரிக்கோட்டையும் காட்டிக் கேட்டேன். “அன்னிக்கு ராத்திரி அதோட நிறுத்தினாங்கன்னு அர்த்தம்” என்றார். மறுநாள் இரவு ஷிப்ட் இருக்கிறவர்கள் வராமல் கதையைத் தொடரக் கூடாது என்பது தாத்தா வைத்த சட்டமாம்.

பெட்டிக்கு இப்போது பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு, அச்சகம், முகவரி, விலை என்று வழக்கமான பத்திகள். அவற்றோடு ‘வாசித்தவர்’, ‘கோடு உள்ள பக்கங்கள்’ என்று இரண்டு சேர்த்திருக்கிறேன். அல்லி அரசாணி மாலையில் கோடுகள் நெருக்கமாக வருகின்றன. ஆளவந்தார் சிந்தில் ஒன்றுகூட இல்லை, ஒரே இருப்பில் முடித்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் பின்னால் கொடுங்கையூர் பக்கம் குடிபோனதாகச் சின்ன ஆயா சொல்கிறார். அவருடைய பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் எந்த ராகத்தில் படித்தார் என்பது அவர்களில் யாருக்காவது நினைவிருக்கலாம்.