டெலிவிஷன் காட்டாத பந்தயம்

மோட்டார்ப் பந்தயம் பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீட்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு டெலிவிஷனில் பார்ப்பது. மற்றொன்று, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய், வெயிலிலும் புழுதியிலும் உட்கார்ந்து பார்ப்பது. முதல் வழியே சுகமானது என்பதில் யாருக்கும் சந்தேகமிராது. ஆயினும் 2011-ஆம் வருஷம் தீபாவளியன்று இரவு, நானும் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த என் மாமாவும், முறுக்கு டப்பாவும் கையுமாகச் சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். தில்லிக்கு அருகே கிரேட்டர் நோய்டாவில், அந்த அக்டோபர் 30-ஆம் தேதி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்க இருந்தது. இத்தனை தொல்லையை நாங்களாகத் தேடிக்கொண்டதற்குக் காரணம் அதே டெலிவிஷன்தான்.

அந்தப் பெட்டியின்மேல் எங்களுக்கு ஆறு வருஷத்துக் கோபம் இருந்தது. 2005-ஆம் வருஷம் மார்ச்சு 6-ஆம் தேதி, மெல்போர்ன் நகரில், கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதன் முதலாக வண்டி ஓட்டினார். அதற்கு முன் இந்தியர் எவரும் அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டதில்லை. அன்று காலை மாமா வீட்டுக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. மாமா பீளமேட்டில் முப்பது வருஷம் லேத்துப் பட்டறை நடத்தியவர். வாலிப வயதில் சோழவரத்து விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களைக் காணக் கோயமுத்தூரிலிருந்து ரயிலேறிப் போனவர். ஆகவே அவருக்கு அன்று கல்யாண வீட்டுக்காரரின் பரபரப்பு.

பந்தயம் தொடங்கிற்று. முதலாவதாகப் போகிறவரைக் காட்டினார்கள். இரண்டாவதாகப் போகிறவரைக் காட்டினார்கள். முதல்வரின் வண்டியில் சக்கரம் மாற்றும் ஆட்களையும், கைக்குட்டையால் வியர்வை துடைத்துக்கொள்ளும் ஒரு முதலாளியையும் காட்டினார்கள். நடுநடுவே சோப்பும் செல்போனும் வந்து போயின. நாராயண் மட்டும் வரவில்லை. எப்போதாவது, முன்னணி வண்டி ஒன்று அவரைச் சுற்றுக் கணக்கில் முந்தும்போது, நீலக் கொடி அசைய, அரை நொடி அவருடைய வண்டியின் பின்புறம் தெரியும். உடனே காட்சி மாறிவிடும்.

"பையன் ஓட்டறானா, நின்னுட்டானான்னே தெரியலையே, மாப்ளே!" என்றார் மாமா.

அவர் பதினைந்தாவதாக வந்து பந்தயத்தை முடித்தார் என்பதைப் பிறகு பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இதில் யாருடைய குற்றம் எவ்வளவு என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் பல டஜன் காமிராக்கள் வைத்தாலும், உலகம் முழுவதற்கும் போகும் படம் ஒன்றுதான். ஒரு காட்சி இயக்குநர் பல திரைகளுக்கு எதிரே உட்கார்ந்து, இந்த விநாடி இந்தக் காமிரா என்று தீர்மானிக்கிறார். இங்கிலாந்துக்காரரும், பிரேஸில்காரரும், பீளமேட்டுக்காரரும் அவர் பார்க்கச் சொன்னதைத்தான் பார்க்கமுடியும். பல சமயங்களில் வர்ணனை செய்கிறவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். வெற்றி முன்வரிசையில் தீர்மானமாவதால் இயக்குநரின் கண்ணும் அங்கேயே இருக்கும். பாதிப் பணச் செலவில் செய்த வண்டியில், இருபதாவது இடத்தைப் பதினெட்டாக்கப் போராடும் மனிதனைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

முன்வரிசை பார்க்கிறவர்களுக்கும் துயரம் இல்லாமல் போகவில்லை. 2005-ஆம் வருஷம் இமோலாவில் அலோன்ஸோவை ஷூமாக்கர் துரத்திக்கொண்டு வந்த கடைசிச் சுற்றுக்களிலே, இங்கிலாந்தில் விளம்பரம் போட்டுவிட்டார்கள். 2021-ஆம் வருஷம் மொனாக்கோவில் வெட்டலும் காஸ்லியும் பக்கத்துக்குப் பக்கம் மேடேறிக் கொண்டிருக்கையில், வேறொரு வண்டி ஓர வரம்பில் ஏறி இறங்கின பழைய காட்சியைக் காட்டினார்கள். உலகம் முழுவதும் தலையில் அடித்துக்கொண்டது.

எங்களுக்கு ஒரே ஒரு நல்ல இரவு வாய்த்தது. 2005 ஜூன் 19-ஆம் தேதி அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயம். மிஷெலின் டயர்கள் அந்தச் சாலையின் சரிவான வளைவுக்குத் தாங்கமாட்டா என்று தெரிந்து, பதினான்கு வண்டிகள் ஒரு சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. மீதி ஆறே வண்டிகள் ஓடின. நாராயண் நான்காவதாக வந்தார். நடுநிசி தாண்டிக் கண் விழித்திருந்து அவரைக் கண்ணாரப் பார்த்தோம். "பதினாலு பேரு வீட்டுக்குப் போனாத்தான் நம்ம பையனைக் காட்டுவாங்க போலிருக்குது" என்றார் மாமா. அந்த ராத்திரியிலேதான், என்றைக்காவது நேரில் போய்ப் பார்ப்பது என்று அவர் சங்கற்பம் செய்துகொண்டார்.

இரண்டு இரவு பிரயாணத்துக்குப் பின் வெள்ளிக்கிழமை காலை தில்லியில் இறங்கினோம். கரோல் பாக்கில் விடுதி அறைக்குள் நுழைந்ததும் மாமா டெலிவிஷனைத் திருகினார். பந்தயச் சாலையில் முதல் பயிற்சி ஓட்டம். ஆனால் திரையில் வண்டியைக் காணோம். ஒரு தெருநாய் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது! அதைப் பிடிக்கும்வரை பயிற்சி நின்றுபோயிற்று. நாய் திரும்பினால் காமிரா திரும்பியது. மாமா முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு, "பார்த்தாயா மாப்ளே, நாய்க்குக் கிடைச்ச பாக்கியம்!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மைதானத்துக்குப் போனோம். அந்த ஜில்லாவின் பெயர் கௌதம புத்த நகர். பந்தயச் சாலைக்கும் புத்தர் பெயரையே வைத்திருந்தார்கள். வயல்களும், பாதி எழும்பிய கட்டடங்களும், கண்ணுக்கெட்டிய வரையில் புழுதியுமாக இருந்த சமவெளியில், 5.125 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் கறுப்புச் சாலை வளைந்து கிடந்தது. ஹெர்மான் டில்கே என்னும் ஜெர்மானியர் வகுத்தது. சமவெளிதானே என்று நினைத்துப் போன எனக்கு முதல் ஆச்சரியம் அங்கே ஏற்பட்டது. மூன்றாம் வளைவை நோக்கிச் சாலை ஒரு குன்றில் ஏறுவதுபோல் ஏறுகிறது. அதன் உச்சியில் திரும்பி, ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேராகப் பாய்கிறது. தொலைவிலிருந்து படம் பிடிக்கும் காமிரா மேட்டையும் பள்ளத்தையும் தட்டையாக்கிவிடும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அதன்பின் நான் பந்தயம் பார்க்கும்போதெல்லாம், தட்டையாகத் தெரியும் சாலையை நம்புவதில்லை.

இரண்டாவது ஆச்சரியம் சப்தம். அந்த நாளைய எஞ்சின்கள் எட்டு சிலிண்டர்கள் கொண்டவை. நிமிஷத்துக்குப் பதினெண்ணாயிரம் சுழற்சி சுழல்பவை. டெலிவிஷனில் அது ஈ ரீங்காரம் மாதிரி கேட்கும். நேரிலோ காதில் விழுவதற்கு முன்பே மார்பில் வந்து மோதியது. மாமா காதைப் பொத்திக்கொள்ள மறுத்துவிட்டார். கண்களை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவரைப்போல் தலையசைத்தார்.

பகல் மூன்று மணிக்குப் பந்தயம் ஆரம்பமாயிற்று. இருபத்துநான்கு வண்டிகள், அறுபது சுற்று. நாராயண் அந்த வருஷம் பாதியில் இடத்தை இழந்து, சொந்த தேசத்துப் பந்தயத்துக்காக மட்டும் மீண்டும் ஹெச்.ஆர்.டி. என்ற ஏழை ஸ்பானிய அணியின் வண்டியில் ஏறியிருந்தார். மாமா பையிலிருந்து தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்தார். முறுக்கு டப்பாவில் விரித்திருந்த காகிதத்தை உதறி முழங்காலில் வைத்துக்கொண்டார். நாராயண் எங்கள் முன்னால் கடக்கும்போதெல்லாம் அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

உண்மையைச் சொல்கிறேன்: நேரில் பார்ப்பதில் பந்தயத்தின் பெரும்பகுதி தெரியாது. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை வண்டிகள் கடக்கும், அவ்வளவுதான். இருபது சுற்றுக்குப் பிறகு யார் எத்தனாவது என்பது குழம்பிப்போயிற்று. ஒலிபெருக்கியில் சொன்னது எஞ்சின் இரைச்சலில் கரைந்துபோயிற்று. வெட்டல் முதலில் போகிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் முன்னணி வண்டிகள் போன பிறகும் நாங்கள் தலையைத் திருப்பவில்லை. வேறு பக்கம் பார்க்கும்படி எங்களுக்கு ஆணையிட அங்கே ஆளில்லை. மேடேறும்போது நாராயணின் வண்டி பின்புறம் நெளிவதையும், அவர் அதை அடக்கித் திருப்புவதையும் சுற்றுக்குச் சுற்று பார்த்தோம். பின்னால் அதே அணியின் மற்றொரு வண்டி. அதை ஓட்டியவர் டேனியல் ரிக்கியார்டோ என்ற இளைஞர்; பிற்காலத்தில் எட்டுப் பந்தயங்களில் முதலாவதாக வந்தவர். அன்று அவர் நாராயணுக்குப் பின்னால்தான் வந்தார். நாராயணுக்குப் பதினேழாவது இடம்.

ஊர் திரும்பியதும், பக்கத்து வீட்டுப் பிள்ளை பதிவு செய்து வைத்திருந்த அதே பந்தயத்தை டெலிவிஷனில் பார்த்தோம். வெட்டலுக்குச் சச்சின் டெண்டுல்கர் கட்டங்கட்டமான கொடியை வீசுவது வெகு தெளிவாகத் தெரிந்தது. மேடையிலிருந்த திரை நட்சத்திரங்களும் தெரிந்தார்கள். நாராயண் எத்தனை நொடி வருகிறார் என்று எண்ணுவதற்காகக் கையில் கடிகாரத்தை எடுத்த மாமா, பாதியிலே அதைக் கீழே வைத்துவிட்டார்.

கிரேட்டர் நோய்டாவில் ஃபார்முலா ஒன் பந்தயம் 2013-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று. எட்டு சிலிண்டர் எஞ்சின்களும் அந்த வருஷத்தோடு விடைபெற்றன. 2018-ல் ஃபார்முலா ஒன் நிறுவனமே இணைய வழியாக ஒரு சேவை தொடங்கிற்று. அதில் பணம் கட்டினால், விரும்பிய ஓட்டுநரின் வண்டியில் பொருத்திய காமிரா வழியாகவே பந்தயம் முழுவதையும் பார்க்கலாம். கடைசியில் வருகிறவரையும் பார்க்கலாம். பேரன் அதைச் செய்து காட்டியபோது மாமா, "இதிலே நாராயணைப் போடு" என்றார். நாராயண் ஃபார்முலா ஒன்னில் கடைசியாக ஓட்டியது 2012-ல் என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

மாமா பதில் பேசவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு காகிதத்தை எடுத்து வந்து பேரனிடம் கொடுத்தார். அதில் வரிசை வரிசையாகப் பென்சில் கோடுகள் இருந்தன, சுற்றுக்கு ஒன்றாக.