சிங்கக் காட்டில் குடக்கூலி

"லாட்ஜ்" என்ற வார்த்தையைக் கேட்டதும் நம் நேயர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்பது நமக்குத் தெரியும். ரயிலடிக்கு எதிரே ஒரு சந்து, ஒருவர் ஏறினால் மற்றொருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய மாடிப்படி, ஒரு வாளி வெந்நீர் கேட்டால், "இதோ கொண்டு வந்தேன், ஸார்!" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை வரையில் மாயமாய் மறைந்துவிடும் பையன். இந்த ஞாபகங்களுடன் கென்யா தேசத்துக்குப் போகிறவர்கள் அவற்றை நைரோபி விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது நலம்.

2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அந்தத் தேசத்து மஸாய் மாரா வனத்திலே, ஸாண்ட் ரிவர் என்னும் ஆற்றங்கரையில், பெரிய அமெரிக்க ஹோட்டல் கம்பெனி ஒன்றின் பெயரால் புதிய விடுதி திறந்தார்கள். மொத்தம் இருபது கூடாரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு குளிக்கும் தடாகம். திறந்தபோது ஒருவர் ஓர் இரவு தங்குவதற்கு வாடகை 3,500 டாலரிலிருந்து ஆரம்பமாயிற்று. நம் நாணயத்தில் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல்! அவ்வளவு பணம் கொடுத்துவிட்டுத் தூங்குவதற்கு மனம் வருமா என்பதே சந்தேகம். விடிய விடிய விழித்திருந்து சிங்கத்தின் கர்ஜனையை எண்ணிக்கொண்டிருந்தால்தான் கொடுத்த காசு ஜீரணமாகும்.

உபாத்தியாயர் சம்பளம் வாங்கும் நாம் அங்கே தங்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், நைரோபியில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் ஒருவரின் தயவால், வனத்தின் வாயிலுக்கு வெளியே ஓர் எளிய கூடாரத்தில் நான்கு நாள் தங்கினோம். வனத்துக்குள் நுழைவதற்கே, ஜூலை முதல் டிசம்பர் வரையில், அயல் நாட்டாருக்கு நாள் ஒன்றுக்கு 200 டாலர் கட்டணம். ஆகையால் உள்ளே ஒரே ஒரு நாள் போனோம். மற்ற நாட்களில் வனத்தை ஒட்டிய மஸாயி ஜனங்களின் நிலங்களையும், அங்கே உள்ள பெரிய விடுதிகளில் இரண்டொன்றையும் வெளியாளாகச் சுற்றிப் பார்த்தோம். பார்க்கப் போனால், வனத்துக்கு வெளியேதான் விஷயம் அதிகம் இருந்தது.

கென்யாவைப் பற்றி எழுதும் இந்தியன் அந்த நாட்டு ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போவது நன்றியன்று. மொம்பாஸாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரையில் 1896 முதல் 1901 வரை அந்த ரயில் பாதையைப் போட்டவர்கள் நம் தேசத்துத் தொழிலாளிகள், பெரும்பாலும் பஞ்சாபிகள். சுமார் 32,000 பேர் கப்பலேறிப் போனார்கள். ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே மாண்டு போனார்கள். 1898-இல் த்ஸாவோ ஆற்றுக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் இரவு வேளைகளில் வந்து, கூடாரத்துக்குள் படுத்திருந்தவர்களை இழுத்துக்கொண்டு போயின. அவற்றைச் சுட்டுக் கொன்ற பாட்டர்ஸன் துரை எழுதிய புஸ்தகம் உலகப் பிரசித்தம். சிங்கங்கள் பஞ்சு அடைக்கப்பட்டு இன்றும் சிக்காகோ நகரத்துப் பொருட்காட்சி சாலையில் நிற்கின்றன. முள்வேலிக்குள் துணிக் கூடாரத்தில் நடுங்கிக்கொண்டு சிங்கத்தின் குரலைக் கேட்ட நம்மவர்கள் அதற்காகப் பெற்றது மாதம் சில ரூபாய்கள். இன்று அதே குரலைத் துணிக் கூடாரத்திலிருந்து கேட்பதற்கு மூன்று லட்சம் கொடுக்க ஜனங்கள் காத்திருக்கிறார்கள்.

ரயில் வந்ததும் வேட்டைக்காரர்கள் வந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதிப் பதவியிலிருந்து இறங்கிய கையோடு தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் அங்கே போய், இஞ்சினுக்கு முன்னால் ஆசனம் போட்டு அமர்ந்து மிருகங்களைப் பார்த்துக்கொண்டே பிரயாணம் செய்தார். பார்த்ததோடு நின்றாரா? தகப்பனாரும் பிள்ளையுமாக 512 பிராணிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். "சபாரி" என்னும் சொல்லுக்கு ஸ்வாஹிலி மொழியில் வெறும் பிரயாணம் என்றுதான் அர்த்தம், அரபியிலிருந்து வந்தது, ஹிந்துஸ்தானியில் நாம் கேட்கும் "ஸபர்" இதனுடைய உடன்பிறப்பு. துரைமார்கள் கையில் அது வேட்டை என்று ஆயிற்று.

துப்பாக்கிக்குப் பதிலாகக் கண்ணை மாத்திரம் உபயோகிக்கும் வழக்கத்துக்கு ஒரு பெரிய அத்தி மரம் காரணமாயிற்று. அபர்டேர் மலைக் காட்டில் 1932-இல் அந்த மரத்தின் மேல் பரண் கட்டி, "ட்ரீ டாப்ஸ்" என்று பெயரிட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து மிருகங்களைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்தார்கள். 1952 பிப்ரவரியில் இளவரசியாக அந்தப் பரணில் ஏறிய எலிஸபெத், மறுநாள் ராணியாக இறங்கினார். அன்றிரவு இங்கிலாந்தில் அவருடைய தந்தையார் காலமாகிவிட்டார். அப்போது அந்தப் பரணில் உடனிருந்தவர் யார் தெரியுமா? நம் குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைக் கொன்ற ஜிம் கார்பெட்! 1947-இல் அவர் கென்யாவில் குடியேறி, அங்கேயே 1955-இல் காலமானார். 1977-இல் கென்யா சர்க்கார் வேட்டையையே சட்டப்படி தடுத்துவிட்டது.

நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியாக ஐந்தாறு மணி நேரம். பூமி பிளந்து கிடக்கும் மாபெரும் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து வளைந்து வளைந்து இறங்கினால், அடிவாரத்தில் ஒரு சின்னஞ்சிறு மாதா கோவில் இருக்கிறது. 1942-இல் யுத்தக் கைதிகளாகச் சாலை போட வந்த இத்தாலியர்கள் கட்டியது. அப்பால் கோதுமை வயல்கள். பிறகு நரோக் என்னும் பட்டணம். அங்கே கடையை "டூகா" என்கிறார்கள். சப்பாத்தியைச் "சப்பாத்தி" என்றே சொல்கிறார்கள். ரயில் போட்டவர்களும் கடை வைத்தவர்களும் விட்டுப் போன சொத்து.

விடுதிகளின் சுகத்தைக் கொஞ்சம் கேளுங்கள். கூடாரம் என்று பெயரே தவிர, தேக்குப் பலகை போட்ட தரை, பித்தளைக் குளியல் தொட்டி, எழுது மேஜை, பழைய காலத்துத் தோல் பெட்டி, ஓர் இடத்தில் கிராமபோன் பெட்டி கூட வைத்திருந்தார்கள். துரைமார்கள் காலத்தை நாடகக் கொட்டகைத் திரை மாதிரி மறுபடியும் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அடிபட்டவர்களின் பேரப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இந்தத் திரைக்கு முன்னால் தேநீர் கொண்டு வந்து வைப்பதைப் பார்க்க நமக்கு அவ்வளவு ரஸிக்கவில்லை. ஆயினும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேலி கிடையாது. யானையும் நீர்யானையும் இரவில் கூடாரத்துக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவே தாராளமாக உலாவும். சாப்பாடு முடிந்ததும் சிவப்புப் போர்வை போர்த்த மஸாயிக் காவலாளி ஒருவர் விளக்கும் ஈட்டியுமாக வந்து, விருந்தாளியைக் கூடாரத்து வாசல் வரை கொண்டுவிடுகிறார். படுக்கையில் வெந்நீர்ப் பை தயாராயிருக்கும். மாராவில் இரவுக் குளிர் அப்படி.

வனத்துக்குள் போன அந்த ஒரு நாளில் அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது. வில்டபீஸ்ட் என்பது மான் இனம். ஆனால் மாட்டு முகம், ஆட்டுத் தாடி, குதிரை வால். பிரம்மதேவன் மிச்சம் மீதிகளைக் கொண்டு செய்தது போலிருக்கும். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்டுகளும், லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் தான்ஸானியாவின் ஸெரங்கெட்டிக்கும் கென்யாவின் மாராவுக்குமாகப் புல்லையும் மழையையும் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டேயிருக்கின்றன. மாரா ஆற்றங்கரையில் ஒரு பெருங்கூட்டம் வந்து நின்றது. முன்னால் நின்றவை தண்ணீரைப் பார்த்தன. முதலைகளும் இவற்றைப் பார்த்தன. பின்வாங்கின. மறுபடியும் வந்தன. இரண்டு மணி நேரம் இந்தச் சங்கடம். கடைசியில் ஒன்று குதித்தது. அவ்வளவுதான்! புழுதி மண்டலம் எழும்பியது, ஆறே கறுத்துவிட்டது. எதிர்க் கரை செங்குத்தாயிருந்த இடத்தில் ஏறுவதும் சறுக்குவதுமாகத் தவித்த ஒரு கன்று, தாயைத் தேடிக் கத்திய குரல் இப்போதும் காதில் இருக்கிறது. அது கரையேறிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த ஒன்று ஏறவில்லை.

இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் மோட்டார் வண்டிகள். நாற்பது வரையில் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டோம். நல்ல இடம் பிடிப்பதற்காக ஒன்றையொன்று முந்தி, மிருகங்கள் இறங்க வேண்டிய வழியிலேயே சில போய் நின்றன. முதலையை விட மோட்டாருக்கு அஞ்சித்தான் இரண்டு மணி நேரம் தயங்கினவோ என்னவோ!

நாம் முன்னே சொன்ன இருபது கூடார விடுதியின் மேலும் இதே வழிப் பிரச்னைதான் எழுந்தது. ஸெரங்கெட்டிக்கும் மாராவுக்கும் நடுவே மிருகங்கள் போகும் பாதையை அது அடைக்கிறது என்று மஸாயி வகுப்பைச் சேர்ந்த ஓர் அறிஞர் 2025 ஆகஸ்டில் நரோக் நியாயஸ்தலத்தில் வழக்குத் தொடுத்தார். அப்படி ஒன்றுமில்லை, முறைப்படி அனுமதி பெற்றது என்று அதிகாரிகள் மறுத்தார்கள். இருபது கூடாரத்துக்கு இவ்வளவு ரகளையா என்று நேயர்கள் நினைக்கலாம். மஸாயி ஜனங்களின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் அப்படி நினைக்கமாட்டார்கள்.

1904-இலும் 1911-இலும் ஒப்பந்தம் என்ற பெயரால் பிரிட்டிஷார் அவர்களுடைய நல்ல மேய்ச்சல் நிலங்களை வாங்கிக்கொண்டு, வெள்ளைக்காரக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். ஸெரங்கெட்டியைத் தேசீய வனமாக்கியபின், 1959-இல் அங்கே மாடு மேய்த்தவர்களை வெளியேற்றி ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பினார்கள். சுயராஜ்யம் வந்த பிறகாவது ஓய்ந்ததா? 2022-இல் தான்ஸானியா சர்க்கார் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோ மீட்டர் நிலத்துக்கு எல்லைக் கல் நடப் போனபோது போலீஸாருக்கும் ஜனங்களுக்கும் மோதல் உண்டாயிற்று. ங்கோரோங்கோரோவிலிருந்தும் குடும்பங்களை தூரத்து ஜில்லாவுக்கு மாற்றத் தொடங்கினார்கள். சிங்கத்துடனும் யானையுடனும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்களை, சிங்கத்துக்கும் யானைக்கும் இடைஞ்சல் என்று கிளப்புவது விசித்திரமான நியாயம்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் க்ரூகர் வனத்தின் வட கோடியிலிருந்து மகுலேகே ஜனங்கள் சுமார் 3,000 பேரை 1969-இல் நிறவெறிச் சர்க்கார் துரத்தியது. விடுதலை வந்தபின் அவர்கள் வழக்காடி, 1998-இல் சுமார் 24,000 ஹெக்டேர் நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெற்றவர்கள் காட்டை அழிக்கவில்லை. வனமாகவே விட்டு, விடுதி நடத்துவோருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களை ஒரு மணி நேரம் பார்ப்பதற்கு 2017 முதல் 1,500 டாலர் கட்டணம்; ஒரு குடும்பத்தைப் பார்க்க நாளைக்கு எட்டே பேர். சுற்றுலா வருமானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பக்கத்துக் கிராமங்களுக்கு. அதிகக் கட்டணம் என்று முணுமுணுப்பவர்களுடன் நாம் சேரமாட்டோம்.

மாராவை ஒட்டிய நிலங்களில் 2006 முதல் நடந்து வருவதும் இந்த வகைதான். மஸாயிக் குடும்பங்கள் தங்கள் பங்கு நிலங்களை ஒன்று சேர்த்து, வேலி போடாமல் மிருகங்களுக்கு விடுகின்றன. விடுதிக்காரர்கள் குடக்கூலி கொடுக்கிறார்கள். "கன்ஸர்வன்ஸி" என்று இதற்குப் பெயர். இவற்றில் ஒன்றில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. வண்டிகள் கூட்டம் போடுவதில்லை. ஒரு சிவிங்கியும் அதன் மூன்று குட்டிகளும் புற்றின் மேல் உட்கார்ந்திருந்ததை நாமும் இன்னொரு வண்டியும் மாத்திரம் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். குறையும் உண்டு. 2020-இல் கொள்ளை நோயால் பிரயாணிகள் நின்றபோது குடக்கூலியும் பல இடங்களில் குறைந்தது. பட்டாக்கள் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால், மாடு கறந்து வீடு கட்டும் ஸ்திரீகளின் கைக்குப் பணம் நேராக வருவதில்லை.

நமக்கு வழி காட்டிய மஸாயி இளைஞர் நம்மை "ம்ஸே" என்று அழைத்தார். பெரியவர் என்று அர்த்தமாம். நாற்பதைத் தாண்டியவர்கள் தலையில் நரையை மறைத்தாலும் ஆப்பிரிக்காவில் தப்ப முடியாது. கடைசி நாள் சாயங்காலம் அவருடைய கைப் போன் கிணுகிணுத்தது. தகப்பனாரின் பெயருக்குக் குடக்கூலி வந்துவிட்டது என்று பாங்கிச் செய்தி. என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். பாதி தங்கையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு. மீதிக்குத் தகப்பனார் ஒரு கிடாரி வாங்குவார் என்றார்.

"கிடாரியை எங்கே மேய்ப்பீர்கள்?" என்றோம்.

அவர் ஆற்றுக்கு அப்பால் தெரிந்த வறண்ட குன்றைக் காட்டினார். நாங்கள் நின்றுகொண்டிருந்த பச்சைப் புல் தரை அவருடைய குடும்பத்துப் பங்குதான். விருந்தாளிகள் வரும் மாதங்கள் முடிகிற வரையில் அங்கே மாடு இறங்கக் கூடாது.