சங்கப் பெட்டியும் பங்கிலாபமும்

கேகாலைப் பக்கத்து இறப்பர் மலையொன்றில் எமது தோட்டத்து மரணாதார சங்கத்தில் அறுபது குடும்பங்கள். மாதச் சந்தா நூறு ரூபா. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் 50,000 ரூபா கொடுக்கப்படும்.

ஓராண்டு தீபாவளிக்கு முன் பெட்டியில் 1,10,000 ரூபா சேர்ந்திருந்தது. "சும்மா கிடக்கிற காசுதானே, வீட்டுக்கு ஆயிரம் பிரிச்சிடுவோம்" என்றனர் சிலர். கை தூக்கியவர்களுள் நாமும் இருந்தோம். கார்த்திகை பிறந்ததும் ஒரு சாவு. எஞ்சியிருந்த 50,000 அவ்வீட்டிற்குப் போயிற்று. இருபதே நாளில் இன்னொன்று. அப்போது பெட்டியில் இருந்தது அம்மாதச் சந்தா 6,000 மட்டுமே. கணவனை இழந்த அப்பெண் அதனை எண்ணிப் பாராமலே வாங்கிக்கொண்டாள். பிரித்த காசைத் திரும்பக் கேட்டு லயம் லயமாக நடந்தோம். பல வீடுகளில் அது சேலையாகவும் பட்டாசாகவும் மாறிவிட்டிருந்தது.

எவ்வளவை வைத்துக்கொண்டு எவ்வளவைப் பிரிப்பது? காப்புறுதிக் கம்பனிகளுக்கும் இதே சிக்கல்தான். அவற்றின் முதல் முழுகும் அபாயத்தைச் சுவீடன் நாட்டுப் பிலிப் லுண்ட்பெர்க் 1903 இல் கணிதமாக்கினார். ஆனால், முழுகுவதற்கு மட்டும் அஞ்சினால் ஒரு சதமும் பிரிக்காமல் குவித்துக்கொண்டே போவதுதான் வழி! 1957 இல் நியூயோர்க்கில் கூடிய காப்புறுதிக் கணிதர் மாநாட்டில் இத்தாலியரான புரூனோ டி பினெட்டி கேள்வியையே மாற்றினார்: முழுகும் நாள்வரை கிடைக்கும் பங்கிலாபங்களின் இன்றைய மதிப்பு எவ்வாறு பிரித்தால் மிகுதியாகும்? ஒவ்வொரு முறையும் ஓரலகு ஏறும் அல்லது இறங்கும் எளிய மாதிரியொன்றை எடுத்து அவர் கண்ட விடை, ஒரு கோடு. கோட்டிற்கு மேற்பட்டதை உடனே பிரிக்க வேண்டும். கோட்டிற்குள் இருப்பதைத் தொடலாகாது. ஏற்ற இறக்கங்களின் நிகழ்தகவும், நாளைய காசை இன்று எவ்வளவாக மதிக்கிறோம் என்பதும் கோட்டின் உயரத்தை நிர்ணயிக்கும். பிற்காலத்தில், 1969 இல், ஹான்ஸ் கெர்பர் சில நிலைமைகளில் ஒரு கோடு போதாது, பல பட்டைகள் வேண்டும் எனக் காட்டினார்.

வியப்பு யாதெனில், அக்கோட்டின்படி நடக்கும் கம்பனி என்றேனும் ஒருநாள் முழுகியே தீரும். பங்குதாரருக்கு அது சம்மதமாகலாம். அவர் வேறு, காப்புறுதி பெற்றவர் வேறு. எமது சங்கத்திலோ இருவரும் ஒருவரே. ஆதலால் எமது கோடு உயர்ந்தே இருக்கவேண்டும் என்று கூட்டத்தில் வாதாடினோம். மூன்று சாவுகளுக்குரிய 1,50,000 ரூபா என முடிவாயிற்று.

அப்போது ஓர் ஆயா எழுந்து, "மலை சரிஞ்சி ஒரே ராவுல பத்து வீடு போனா என்ன தம்பி செய்வீங்க?" என்றார். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மண்சரிந்ததை அறியாதவர் அங்கு எவரும் இலர். அந்த எளிய கணக்கில் ஒவ்வொரு நட்டமும் தனித்தனியே வருவதாகத்தான் எழுதியிருக்கிறது. எம்மிடம் பதில் இல்லை.

பெட்டியில் இப்போது 96,000 ரூபா இருக்கிறது. இவ்வாண்டு தீபாவளிக்குப் பிரிப்பு இல்லை.