திறக்கவே பூட்டும் நொதி

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை கிளையோடாக்சின் என்ற நஞ்சைத் தன் உடம்புக்குள்ளேயே காய்ச்சுகிறது. காய்ச்சுகிறவனை அது ஏன் கொல்வதில்லை? சில நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விடை அந்த நஞ்சின் இரண்டு கந்தக அணுக்களில் இருக்கிறது. அவை தனித்தனியே ஹைட்ரஜனோடு நிற்கும்வரை செல்லுக்கு ஆபத்து. கிளி-டி என்ற நொதி அந்த ஹைட்ரஜன்களைக் கழற்றி, கந்தகம் இரண்டையும் டைசல்ஃபைடாகப் பூட்டுகிறது. கழன்ற எலெக்ட்ரான்கள் நொதியின் சொந்தக் கந்தக இணை வழியாக எஃப்ஏடி என்ற துணைமூலக்கூறுக்குப் போய், அங்கிருந்து ஆக்சிஜனைச் சேர்கின்றன; ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவருகிறது. இந்த நொதிக்கான மரபணுவை நீக்கிப் பார்த்த ஆய்வுகள் 2010இல் வெளிவந்தன. மரபணு நீக்கப்பட்ட பூஞ்சை, கிளையோடாக்சின் பட்டதும் வளர முடியாமல் முடங்கியது.

இந்த நஞ்சை முதலில் பிரித்தெடுத்தவர்கள் வைண்ட்லிங்கும் எமர்சனும்; ஆண்டு 1936. நாற்றழுகலை உண்டாக்கும் ரைசாக்டோனியாவை இன்னொரு மண்பூஞ்சை கொல்வதை வைண்ட்லிங் அதற்கு முன்பே கவனித்திருந்தார்; நஞ்சு கிடைத்ததும் அந்தப் பூஞ்சையிலிருந்துதான். அதைப் படித்ததும் பெரியப்பாவின் களம் கண்முன் வந்தது. கோணியில் நிலக்கடலை விதையைப் பரப்பி, ஆறிய கஞ்சியைத் தெளித்து, ட்ரைக்கோடெர்மா விரிடி பொடியைத் தூவுவார். கிலோவுக்கு 4 கிராம். தோல் உரிந்துவிடக் கூடாதென்று விரல் நுனியால் மட்டும் புரட்டுவார். பிறகு நிழலில் உலர்த்தல். "வேரழுகலுக்கு மருந்தாப்பா இது?" என்றால், "பூஞ்சைக்குப் பூஞ்சைதான் காவல்" என்பார். வைண்ட்லிங் கண்ட பூஞ்சையை இன்று ட்ரைக்கோடெர்மா வைரன்ஸ் என்கிறார்கள். பெரியப்பாவின் பொடிக்கு நெருங்கிய உறவு.

ஜப்பானின் யமகாட்டா மண்ணில் கிடைத்த குரோமோபாக்டீரியம் என்ற பாக்டீரியா ஒன்றும் இதேபோல் கந்தகப் பூட்டைப் போடுகிறது. அதன் டெப்-ஹெச் நொதி கடைசியாகப் போடும் டைசல்ஃபைடு பூட்டோடு ரோமிடெப்சின் உருவாகிறது. தோலைத் தாக்கும் டி-செல் லிம்போமாவுக்கு 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அது. பூட்டியபடியே செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே குளுட்டத்தயோன் போன்றவை பூட்டைத் திறக்கின்றன. விடுபட்ட கந்தகம், மரபணுக்களை அடக்கிவைக்கும் ஒரு நொதியின் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு அதை முடக்குகிறது.

எனக்குக் கல்லூரியில் டைசல்ஃபைடு என்றால் புரதத்தை மடித்து நிறுத்தும் பிணைப்பு என்று மட்டும்தான் சொல்லித் தந்தார்கள். உயிர்வேதியியல் நடத்தும் ஆசிரியர்கள் இன்னொரு வரியும் சேர்த்துச் சொல்லுங்கள்: உரிய இடத்தில் அவிழ்வதற்கென்றே சில உயிர்கள் அந்தப் பிணைப்பைப் போடுகின்றன.