பிடரியில் இரண்டு பள்ளங்கள்

வயதாக ஆக முட்டிக்குத் தைலம் தேய்க்கிறோம், இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கிறோம். தலையை மட்டும் வலி வந்தால்தான் நினைக்கிறோம். உடல் எடையில் மூளை சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உடலுக்குத் தேவையான ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு என நான்கு ரத்தக் குழாய்கள் அதற்கென்று ஓயாமல் உழைக்கின்றன.

சிங்கப்பூரில் தோ பாயோ போன்ற பழைய பேட்டைகளில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து சீன முதியவர்கள் தங்கள் தலையைத் தாங்களே பிடித்துவிட்டுக்கொள்வார்கள். எங்கள் புளோக்குப் பாட்டி ஒருவர் செய்வதைப் பார்த்துத்தான் நானும் பழகினேன். இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், விரல்களால் மண்டையைத் தாங்கிக்கொள்வார். மண்டையோடு முடிந்து கழுத்துத் தசை தொடங்கும் இடத்தில், நடுவிலிருந்து இருபுறமும் சற்றுத் தள்ளி இரண்டு பள்ளங்கள் உண்டு. சீன மருத்துவத்தில் அந்த இடத்துக்கு ஃபெங்ச்சி என்று பெயர். கட்டைவிரல்களை அங்கே வைத்து, மேல்நோக்கி மெதுவாக அழுத்திச் சுழற்றுவார். அவசரமே இருக்காது. பிறகு இரண்டு காதுகளின் நுனியிலிருந்தும் மேலே கோடு இழுத்தால் உச்சந்தலையில் சந்திக்கும் பைஹுய் என்ற புள்ளி. அதன்பின் நெற்றியின் இருபுறப் பொட்டுகள். கடைசியில் பத்து விரல்களாலும் முன்நெற்றியிலிருந்து பிடரிவரை தலைவாருவதுபோல் கோதிவிடுவார்.

புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. அவரவர் கட்டைவிரலின் அகலம்தான் அவரவர்க்கு அளவு. பெரிய உடம்புக்குப் பெரிய அளவு, சிறிய உடம்புக்குச் சிறிய அளவு. தன் உடம்பைத் தன் விரலாலேயே அளந்துகொள்ளலாம்.

தன் உடம்பைத் தானே பேணும் இந்த வழக்கம் பழையது. சுன் சிமியாவ் என்ற சீன மருத்துவர் 7ஆம் நூற்றாண்டில், சுமார் 652இல் எழுதி முடித்த பெரிய மருத்துவ நூலில் உடம்பைப் பேணும் பகுதி ஒன்று உண்டு. அதில் இந்தியாவிலிருந்து வந்த பிராமணர்களின் முறை என்று சொல்லி, 18 அசைவுகள் கொண்ட பயிற்சியை எழுதிவைத்திருக்கிறார். வயதானவர்கள் நாள்தோறும் செய்துவந்தால் நல்லது என்றும் சொல்கிறார். நல்லது எங்கிருந்து வந்தாலும் அது வந்த இடத்தைச் சொல்லி ஏற்றுக்கொண்ட அந்தப் பெரிய மனம், நம் வயதில் நாமும் பழகவேண்டியது.

பிடித்துவிடுவதால் என்ன கிடைக்கிறது? கைப்பேசியைக் குனிந்து பார்த்தே இறுகிப்போன பிடரித் தசை தளர்கிறது. பாரமாக இருந்த தலை லேசாகிறது. படுக்கும் முன் செய்தால் எனக்கு உறக்கம் நன்றாக வருகிறது. என் மனைவிக்குத் தோள் வலி, கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. அதனால் மாலையில் நான் பிடித்துவிடுகிறேன். “போதுமா, இன்னும் கொஞ்சம் அழுத்தவா” என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறேன். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போன வீட்டில் ஒருவரையொருவர் தொட்டுப் பேசுவதற்கு இப்படி ஒரு வேளை இருப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் கொழுப்பு படிந்து குறுகிய ரத்தக் குழாயை எந்த விரலும் திறந்துவிடாது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பி இருக்கக்கூடாது. கழுத்தின் பக்கவாட்டில், நாடித் துடிப்பு தெரியும் இடத்தை அழுத்தவே வேண்டாம். இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுப்பதும் வேண்டாம், உள்ளே குழாய் கிழிந்து அதனாலேயே பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

பக்கவாதம் வந்தால் விரல் நுனிகளை ஊசியால் குத்தி ரத்தம் விடுங்கள், சீனர்களின் ரகசியம் இது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. என் உறவினர்களே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். வாய் ஒருபக்கம் கோணுகிறதா, தூக்கிய கை தானாக விழுகிறதா, பேச்சு குழறுகிறதா, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பிடித்துவிட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுப்பார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்துக்கொண்டு, உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐக் கூப்பிடுங்கள்.