பொய் சொல்லும் பெட்டி

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது உப்பூரில் நிறுத்தினோம். வெயிலுகந்த விநாயகருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த அக்கா மகன், "மாமா, வண்டிக்கு ஒரு பெட்டி மாட்டப்போறேன். 75 குதிரை 90 ஆயிருமாம்" என்றான்.

வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் டிசையர். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டர்போ இன்ஜின். 2020-ல் மாருதி டீசலுக்கே முழுக்குப் போட்டுவிட்டது. அவனுக்கு சோறு போடுவது இதுதான்.

இன்ஜின் கம்ப்யூட்டர் விஷயத்தில் மூன்று வழி உண்டு. ஒன்று, இவன் சொல்லும் பெட்டி. டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உட்கார்ந்து, 'அழுத்தம் குறைச்சல்' என்று பொய் சொல்லும். அது நம்பி அழுத்தத்தை ஏற்றும். வேகம் வரும், கூடவே சூடும் புகையும். இரண்டாவது, ரீமேப். கம்ப்யூட்டரின் கணக்கையே திருத்தி எழுதுவது. பொய் இல்லை, ஆனால் எழுதுகிறவருக்கு டர்போ, கிளட்ச் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, கம்ப்யூட்டரையே மாற்றுவது. 2001-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் 'மெகாஸ்குவர்ட்' என்று நாமே சால்டர் வைத்துக்கொள்ளும் கிட் கொண்டுவந்தார்கள். அது பெட்ரோல் வண்டி, பந்தயக்காரர்கள் சமாச்சாரம்.

"உனக்கு எது?" என்றேன்.

"பெட்டிதான் மாமா விலை கம்மி."

"டியூ எத்தனை மாசம் பாக்கி?"

"பதினாலு."

"டர்போ போச்சுன்னா அந்தப் பெட்டியா டியூ கட்டும்?"

பதில் இல்லை. கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு மீன் லாரி. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓவர்டேக் செய்தான். தொண்டி வரை மறுபடி போடவே இல்லை.