அன்ஃபீல்டுக்கு ஒரு ரிக்கற்

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், லைம் ஸ்ரீற் புகையிரத நிலையத்திலிருந்து பஸ்ஸில் போனால், செங்கல் வீட்டு வரிசைகளுக்கு நடுவே மிகப் பெரிய கட்டடமொன்று தெரியும். அதுதான் அன்ஃபீல்ட். 1892இல் தொடங்கிய லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம். இன்று ஏறத்தாழ 61,000 பேர் அமரலாம். ஆனாலும் வாசலில் பணம் கொடுத்து உள்ளே போக முடியாது.

வெளிநாட்டு இரசிகர் முதலில் கழகத்தின் அங்கத்தவராக வேண்டும். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. அந்தப் பணம் ரிக்கற்றுக்கானதல்ல, ரிக்கற் கேட்பதற்கானது மட்டுமே. பெயரைப் பதிந்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். தாயும் மகளும் சேர்ந்து போவதென்றால் இருவருக்கும் தனித்தனி அங்கத்துவம் தேவை. பெயர் விழுந்தால் ரிக்கற் கைத்தொலைபேசிக்கு வரும். விழாவிட்டால் அங்கத்துவப் பணம் போனதுதான். ஆகவே முடிவு தெரியுமுன் விமானச் சீட்டு எடுக்காதிருப்பது நல்லது. தொலைக்காட்சிக்காகப் போட்டி நாளையே மாற்றுவதும் வழமை.

"என்னிடம் இருக்கிறது" என்று தெருவிலும் இணையத்திலும் விற்பவர்களை நம்பக் கூடாது. அனுமதியின்றி உதைபந்தாட்ட ரிக்கற் விற்பது அங்கே 1994 முதல் குற்றம். வாங்கியது போலி என்பது பெரும்பாலும் வாசலில்தான் தெரியவரும்.

விலை விடயத்தில் இந்த ஊர்ச் சனங்கள் இலேசுப்பட்டவர்களல்ல. 2016இல் சில ஆசனங்களுக்கு 77 பவுண் என அறிவித்தபோது, ஆயிரக்கணக்கானோர் ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். அப்போது லிவர்பூல் இரண்டு கோல்களால் முன்னணியில் இருந்தது. அவர்கள் போனபின் எதிரணி இரண்டையும் திருப்பி அடித்துவிட்டது! சில நாட்களில் கழகம் அந்த விலையைக் கைவிட்டது.

ரிக்கற் கிடைக்காதவர்களும் மைதானத்தின் வெளிப்புறத்தில் ஓரிடத்தைப் பார்க்கலாம். 1989 ஏப்ரல் 15இல் ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்து நெரிசலில் சிக்கி இறந்த 97 பேரின் நினைவிடம் அது. ரிக்கற் இல்லாதவர்கள் முண்டியடித்ததே காரணம் என்று பொலிஸ் தரப்புப் பழிபோட்டது. பொலிஸாரின் கட்டுப்பாடு தவறியதே பிரதான காரணமென 1989இல் விசாரணை அறிக்கை கூறியும் பழி நீங்கவில்லை. 15 வயது மகன் கெவினைப் பறிகொடுத்த ஆன் வில்லியம்ஸ் இருபது வருடங்களுக்கு மேல் நீதிமன்றப் படிகள் ஏறி இறங்கினார். 2012இல் பழைய மரண விசாரணைத் தீர்ப்புகள் இரத்தாகின. மறு ஆண்டு அவர் காலமானார். அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், இரசிகர்கள்மேல் பிழையில்லை என்று 2016இல் ஜூரிகள் சொன்னபோது, கேட்க அந்தத் தாய் இருக்கவில்லை.

இறந்தவர்களில் மிக இளையவனுக்கு வயது 10. நினைவிடத்தில் சுடரொன்று எந்நேரமும் எரிகிறது. போட்டி நாட்களில் உள்ளே போகுமுன் பலர் அங்கே பூ வைக்கிறார்கள்.